தகரத்தில் விழுந்த கை

டீலியா கில், கால்வே நகரை ஒட்டிய ஐரிஷ் மீனவக் குப்பமான கிளாடாவை விட்டுப் போனது 1910-ஆம் வருஷம், மே மாதம் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை ரயில். கால்வே நிலையத்தில் அன்றைக்குப் பதினோரு பேர் அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள். வழியனுப்ப வந்தவர்கள் நூறு பேருக்கு மேல். அழுகைச் சத்தத்தில் இன்ஜின் ஊதியதுகூடச் சரியாகக் கேட்கவில்லை.

டீலியாவின் அம்மா ஓனோரா அழவில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது. முந்தின நாள் காலையிலிருந்து இடது கை மோதிர விரலை மீன் எண்ணெயில் ஊறவைத்து, மோதிரத்தைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்து நான்கு வருஷமாகக் கழற்றாத மோதிரம். உப்பிலும் ஐஸிலும் வீங்கிப்போன விரல். அதே கையில் சுண்டுவிரல் பாதிதான். சின்ன வயதில் நங்கூரக் கயிறு அறுத்துக்கொண்டு போனது மீதி. பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, பற்களைக் கடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். தோலோடு வந்தது.

"கல்யாணத்தன்னிக்குக் குடுக்க வேண்டியதை ரயிலடியில குடுக்கறா பாரு" என்றாள் பெக் குரன். மீன் சந்தையில் ஓனோராவின் பக்கத்துக் கூடைக்காரி. "ஏண்டி, மாப்பிள்ளை யாரு? இன்ஜினா?"

"உன் வாயில ஒரு மீனைத் திணிச்சு அடைக்கணும்டி" என்றாள் ஓனோரா.

ஆனால் பெக் சொன்னது சரிதான். தாயின் மோதிரம் மூத்த மகளுக்கு, அவள் கல்யாணத்தன்று காலையில். அதுதான் கிளாடாவின் வழக்கம். இரண்டு கைகள் ஒரு இதயத்தை ஏந்தியிருக்கும். இதயத்தின் தலையில் ஒரு கிரீடம். கைகள் சிநேகம், இதயம் அன்பு, கிரீடம் விசுவாசம் என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்வார். கிளாடாப் பெண்கள் அதையெல்லாம் யோசித்ததில்லை. எந்தக் கை, இதயத்தின் நுனி எந்தப் பக்கம், இரண்டைத்தான் பார்ப்பார்கள். நுனி நகத்தைப் பார்த்தால் அவளுக்கு ஆள் இல்லை. மணிக்கட்டைப் பார்த்தால் ஆள் உண்டு. வலது கையில் இருக்கும்வரை கல்யாணம் ஆகவில்லை. இடது கைக்குப் போய்விட்டால் ஆகிவிட்டது. சந்தையில் மீனுக்குக் கை நீட்டும்போதே ஒருத்தியின் கதை முழுவதும் தெரிந்துவிடும்.

ஓனோரா மோதிரத்தைத் தன் பாவாடையில் துடைத்து, மகளின் வலது கையில் போட்டாள். நுனி உள்பக்கம். பத்தடி தள்ளித் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்ற கோல்மன் ஆலிவரை ஒரு பார்வை பார்த்தாள். மகளுக்குப் பேசி முடித்திருந்தவன் அவன்தான். அவன் அப்பாவுக்குக் கால் விழுந்துவிட்டது. படகை விட்டுவிட்டு அவனால் உடனே போக முடியாது. டீலியா முன்னால் போய், பாஸ்டனில் ஒரு வீட்டில் வேலை செய்து, இரண்டு வருஷத்தில் அவனுக்கு டிக்கெட் அனுப்புவது என்று ஏற்பாடு.

"வருஷத்துக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு" என்றாள் ஓனோரா. "கை தெரியற மாதிரி."

"கடுதாசியில எழுதறேனே அம்மா."

"கடுதாசியில யாரு உண்மையை எழுதறாங்க? எனக்கு எழுத்து தெரியாது. கை தெரியும்."

டீலியா சிரித்தாள். முன்பல் ஒன்று லேசாக மேலேறியிருக்கும் சிரிப்பு. பிறகு கோல்மனிடம் போய், ஊர் பார்க்கிறதே என்று கை மட்டும் குலுக்கினாள். ரயில் கிளம்பியபோது ஓனோரா தன் விரலைப் பார்த்தாள். மோதிரம் இருந்த இடம் வெள்ளையாக, பச்சைக் குழந்தையின் தோல் மாதிரி இருந்தது. ரத்தம் கசிந்தது. சந்தைக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தாள்.

கடிதத்தைப் பற்றி அவள் சொன்னது கோபத்தில் சொன்னதல்ல. அமெரிக்காவிலிருந்து வருவதெல்லாம் ஒரே கடிதம்தான். நான் சுகம், நீங்கள் சுகமா, குளிர் அதிகம், சர்வேசுரன் துணை. இங்கிலீஷில் எழுதியிருக்கும், மளிகைக் கடை வைத்திருந்த மிசஸ் லாலிதான் ஐரிஷில் சொல்லுவாள். கடையில் தேயிலைக்கு நிற்கிறவர்கள், மாவுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அங்கே படிக்கப்படும் என்று தெரிந்தே எழுதுவதால் யாரும் எதையும் எழுதுவதில்லை. பெக்கின் அண்ணன் சுரங்கத்தில் செத்து ஏழு மாதம் கழித்தும் அவன் பெயரில் 'நான் சுகம்' என்று கடிதம் வந்துகொண்டிருந்தது. கூட்டாளி ஒருவன் இரக்கப்பட்டு எழுதினானாம்.

ஓனோராவின் புருஷன் மார்ட்டினும் சொல்லாமல் போனவன்தான். 1906-இல், ஆரன் தீவுகளுக்கு இந்தப் பக்கம், படகோடு. உடல் கரை ஒதுங்கவில்லை. அன்றிலிருந்து மற்றவர்களின் படகில் வரும் மீனை வாங்கி, கூடையில் சுமந்து, ஸ்பானிய வளைவு என்ற பழைய கல்வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விற்றாள். சிவப்புப் பாவாடை, நீலப் போர்வை, கையில் கத்தி. அப்படித்தான் இரண்டு பெண்களை வளர்த்தாள். இளையவள் எவ்லீன். அதிகம் பேசாதவள், அக்காவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டே பெரியவளானவள்.

படம் 1911 அக்டோபரில் வந்தது. மெல்லிய தகரத் துண்டு, உள்ளங்கை அளவு. பாஸ்டனுக்கு வெளியே ஏதோ கடற்கரையில், விளையாட்டுக் கூடாரங்களுக்கு நடுவில் எடுத்ததாம். டீலியா ஒரு பெரிய தொப்பி வைத்திருந்தாள். பின்னால் துணியில் வரைந்த கப்பல். அம்மா சொன்னதை மறக்காமல் ஒரு கையை நெஞ்சின் மேல் நன்றாக விரித்து வைத்திருந்தாள்.

மிசஸ் லாலி கடிதத்தைப் படித்தாள். "நான் சுகம். வீட்டுக்கார அம்மா நல்லவள். கோல்மனுக்கு டிக்கெட் வாங்கச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், தவக்காலத்துக்குள் அனுப்புவேன் என்று சொல்லவும்." கடிதத்தை மடித்து நீட்டினாள். " நல்ல பொண்ணு ஓனோரா உன் பொண்ணு. உப்பு வேணும்னியே, எவ்வளவு?"

ஓனோராவுக்கு உப்பு மறந்துபோயிற்று. படத்தில் மோதிரம் இடது கையில் இருந்தது. நுனி மணிக்கட்டுப் பக்கம்.

படத்தைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மூன்று நாள் அது பெட்டியின் அடியில் கிடந்தது. நான்காம் நாள் பெக்கிடம் காட்டினாள். பெக் எச்சில் தொட்டுத் தகரத்தைத் துடைத்துப் பார்த்தாள்.

"இடது கைதாண்டி" என்றாள். குரலில் கிண்டல் இல்லை.

"இடது கைதான்."

"அப்புறம் எதுக்கு கோல்மனுக்கு டிக்கெட் வாங்கறேன்னு எழுதறா?"

"மிசஸ் லாலி கடைக்காக எழுதறா. எனக்காகக் கையைக் காட்டியிருக்கா."

"யாரைக் கட்டினாளோ? நம்ம ஆளா, புராட்டஸ்டண்டா? கோயில்ல கட்டினாளா? எழுதிக் கேளேண்டி."

"யாரை விட்டு எழுத? லாலியை விட்டா? 'என் மக எவனோட ஓடினா'ன்னு நானே கடையில நின்னு கத்தறதுக்கா?"

பெக் தகரத்தை இன்னொரு தடவை துடைத்தாள். "கேட்டா ஒரு வார்த்தைதானே" என்றாள் பிறகு. ஓனோரா படத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

கிளாடாவுக்கு வெளியே கல்யாணம் செய்கிறவர்கள் இல்லை. எவளாவது செய்தால் அவள் வீட்டுப் பெயரைப் படகுத்துறையில் சொல்ல மாட்டார்கள். ஓனோராவுக்கு அந்த அவமானத்தைவிட இன்னொன்று உறுத்தியது. கோல்மன் நல்ல பையன். எதுவும் தெரியாமல் படகை விற்றுவிட்டுக் கப்பலேறி, இன்னொருவன் வீட்டு வாசலில் போய் நின்றால்? சொல்லாமல் இருப்பது பாவம் என்று முடிவு செய்தாள்.

அவன் படகுத்துறையில் வலைகளைப் பட்டைச் சாயத்தில் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தான். கை முழங்கைவரை பழுப்பு.

"வாங்க அத்தை. படகுக்கு ஆள் பாத்துட்டேன். தவக்காலம் முடிஞ்சதும் குடுத்துடலாம்."

"படகைக் குடுக்காதே தம்பி."

அவன் கோலை விட்டுவிட்டு நிமிர்ந்தான். அவள் தகரத்தை நீட்டினாள். கையைத் துடைத்துக்கொள்ளாமல் வாங்கினான். ஓரத்தில் அவன் கட்டைவிரல் பழுப்பாகப் பதிந்தது. வெகுநேரம் பார்த்தான்.

"கடுதாசியில டிக்கெட் அனுப்பறேன்னு எழுதியிருக்கான்னு லாலியம்மா சொன்னாங்களே."

"கடுதாசி வாயால பேசறது. இது கை."

"மறந்தாப்புல மாத்திப் போட்டிருப்பாளோ?"

"கிளாடாக்காரி மாத்திப் போடுவாளா?"

அவன் தகரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாயம் தீய்கிறதே என்று குனிந்து கிளற ஆரம்பித்தான். அவன் தோள் குலுங்கியதைப் பார்த்தும் பார்க்காததுபோல் ஓனோரா திரும்பி நடந்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். படகுக்கு ஒரு பெண் வேண்டும். பிடிப்பது ஆண், விற்பது பெண். மனைவியோ அம்மாவோ இல்லாத படகு கிளாடாவில் பிழைக்காது. கோல்மனின் அம்மா அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன் செத்துப்போனாள். தவக்காலத்துக்கு முந்தைய வாரங்களில்தான் கல்யாணம். விட்டால் அடுத்த வருஷம்தான். கோல்மனின் அப்பா கோலூன்றிக்கொண்டு ஓனோராவின் வீட்டுக்கு வந்து, எவ்லீனைக் கேட்டார். எவ்லீனுக்குப் பத்தொன்பது வயது.

"உனக்குச் சம்மதமாடி?" என்று ஓனோரா கேட்டாள்.

எவ்லீன் உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். "அக்கா சட்டைதானே எப்பவும் எனக்கு" என்றாள். சிரித்தாளா இல்லையா என்று தெரியவில்லை.

ஓனோராவுக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. அதைப் பின்னாளில் அவள் தன்னிடமே ஒப்புக்கொண்டாள். ஆறு வருஷம் கழித்து வீட்டில் ஒரு படகு. மழையில் அடுத்தவன் படகுக்காகக் காத்து நிற்க வேண்டாம். பிப்ரவரியில் கல்யாணம் நடந்தது. எவ்லீனுக்கு மோதிரம் இல்லை; கோல்மன் பித்தளையில் ஒன்று வாங்கிப் போட்டான்.

டிக்கெட் தவக்காலத்தின் மூன்றாவது வாரம் வந்தது.

மிசஸ் லாலி உறையைப் பிரித்து, டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கடையில் நான்கு பேர் இருந்தார்கள். "கோல்மன் ஆலிவர்னு போட்டிருக்கு. இதென்னடி கூத்து? அங்க ஒரு புருஷன், இங்கேயிருந்து இன்னொண்ணு வரவழைக்கறாளா?"

"ஞாயித்துக்கிழமைக்கு ஒருத்தன் வேணும்ல" என்றாள் மாவுக்கு வந்தவள். கடை முழுவதும் சிரித்தது.

ஓனோரா கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான பெண் எதற்கு இன்னொருவனுக்கு டிக்கெட் அனுப்புகிறாள்? அந்தக் கேள்வி அவளுக்குள் வந்தது. வரவில்லை என்று அவளால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. வந்த கேள்வியை, மீனின் தலையைத் திருகுவதுபோல் திருகிப் போட்டாள். ஏனென்றால் எவ்லீன் வீட்டில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அது எதனால் என்று ஓனோராவுக்குத் தெரியும்.

"திருப்பி அனுப்பிடு" என்றாள்.

"என்ன எழுத?"

"ஆள் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு எழுது. வேற ஒண்ணும் வேண்டாம்."

"யாரைன்னு?"

"வேண்டாம்னேன்ல."

மிசஸ் லாலி எழுதினாள். ஓனோராவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் தான் சொன்ன ஒரு வரிக்குப் பேனா நான்கு வரி ஓடியது அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. உறையை ஒட்ட எச்சில் தொட்டபோதும் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு டீலியாவிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை.

வருஷங்கள் போயின. கோல்மனுக்கும் எவ்லீனுக்கும் நான்கு குழந்தைகள்; ஒன்று நெஞ்சுச் சளியில் போயிற்று. வெளியே ஒரு யுத்தம் நடந்து முடிந்தது, நாட்டுக்குள்ளேயே ஒன்று ஆரம்பித்தது. கோல்மன் நல்ல மருமகன். குடிக்கவில்லை, கை நீட்டவில்லை. எவ்லீனை 'வா, போ' என்று கூப்பிடுவானே தவிர, பெயர் சொல்லிக் கூப்பிட்டதை ஓனோரா கேட்டதில்லை.

1919 ஆகஸ்டில், திருநாள் விடுமுறை அன்று, ஓனோரா சால்ட்ஹில் கடற்கரைக்கு வேகவைத்த கடல் நத்தை விற்கப் போனாள். ஒரு கோப்பை நத்தை, தோண்டித் தின்ன ஒரு குண்டூசி. வெளியூர்க்காரர்கள் வாங்குவார்கள். அங்கே ஒருவன் முக்காலியில் பெட்டி வைத்துத் தகரப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். இவளுடைய நீலப் போர்வையைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்.

"பாட்டி, சும்மா நில்லுங்க. காசு வேண்டாம். வாசல்ல மாட்டி வச்சா நாலு பேர் வருவாங்க."

"என் மூஞ்சியைப் பாத்தா இருக்கறவனும் ஓடிடுவான்."

"கையைக் கூடை மேல வைங்க. அசையக் கூடாது. மூச்சுகூட."

பத்து நிமிஷத்தில் தகரத்தைக் கழுவித் துடைத்துக் காட்டினான். ஓனோரா பார்த்தாள். கிழவி ஒருத்தி, சப்பிப்போன வாயோடு. கூடையின் மேல் இரண்டு கை. அவள் தன் கைகளைப் பார்த்தாள், மறுபடி தகரத்தைப் பார்த்தாள்.

"தம்பி, இது தப்பா விழுந்திருக்கு."

"என்ன தப்பு? அம்சமா வந்திருக்கீங்க."

"எனக்கு இந்தக் கையிலதான் விரல் போச்சு." இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "இதுல அந்தக் கையில போயிருக்கு."

அவன் சிரித்தான். "அதுவா? தகரத்துல எப்பவுமே அப்படித்தான் பாட்டி. கண்ணாடியில பாக்கற மாதிரி. வலது இடமாகும், இடது வலமாகும். எல்லாருக்கும்தான். பேப்பர்ல போட்டா சரியா வரும், தகரத்துல வராது. யாரு அதையெல்லாம் பாக்கறாங்க?"

அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். கூடை சாய்ந்து நத்தைகள் கொட்டின. வெயில் மயக்கம் என்று அவன் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் குடிக்கவில்லை.

இரண்டு மைல் நடந்து வீட்டுக்கு வந்தாள். பெட்டியின் அடியிலிருந்து டீலியாவின் படத்தை எடுத்தாள். ஓரத்தில் பழுப்புக் கட்டைவிரல் அடையாளம் அப்படியே இருந்தது. இப்போது பார்த்தால் சட்டைப் பித்தான்கள்கூட ஆண்பிள்ளைச் சட்டை மாதிரிப் பக்கம் மாறியிருந்தன. எட்டு வருஷத்தில் மோதிரத்தைத் தவிர வேறு எதையும் அவள் அந்தப் படத்தில் பார்க்கவே இல்லை. மகள் வலது கையைத்தான் நெஞ்சில் வைத்திருந்தாள். நுனி உள்பக்கம். ரயிலடியில் அம்மா போட்டுவிட்ட மாதிரியே.

கோல்மன் உள்ளே வந்து, காலணியைக் கழற்றிக்கொண்டே, "என்ன அத்தை, பேயறைஞ்ச மாதிரி?" என்றான். எவ்லீன் அவன் தட்டில் கிழங்கை வைத்துக்கொண்டிருந்தாள், ஐந்தாவதைச் சுமந்துகொண்டிருந்தாள்.

"வெயில்" என்றாள் ஓனோரா.

அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது பாவமில்லையம்மா, தெரியாமல் நடந்த தவறு" என்றார்.

"பாவம்னே சொல்லுங்க சாமி. பாவம்னா பிராயச்சித்தம் குடுப்பீங்களே."

அவர் பாஸ்டன் முகவரிக்குத் தானே கடிதம் எழுதிக் கொடுத்தார். நான்கு மாதத்தில் அது திரும்பி வந்தது. அந்த வீட்டில் அப்படி ஒருத்தி இல்லை.

பெக்கிடம் மட்டும் சொன்னாள். பெக் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்து, மீன் வயிற்றைக் கிழிக்க ஆரம்பித்தாள்.

"கோல்மன்கிட்ட சொல்லப்போறியா?"

"சொல்ல வேண்டாமா?"

"சொல்லி? அவன் ஒரு பக்கம் எரிவான், உன் சின்னவ ஒரு பக்கம் எரிவா. நடுவுல நாலு குழந்தை. நீயே வச்சுக்கோ. கேட்காத வாய்தானே, சொல்லாமலும் இருக்கட்டும்."

அதற்கப்புறம் ஓனோரா செய்தது ஒன்றுதான். கால்வேயிலிருந்து யார் பாஸ்டனுக்குக் கிளம்பினாலும் ரயிலடிக்குப் போய் நின்றாள். தெரிந்தவன், தெரியாதவன் என்றில்லை. கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுவாள்: "டீலியா கில்னு ஒருத்தியைப் பாத்தா சொல்லு. அந்தப் படம் தகரம், அம்மா தப்பாப் படிச்சுட்டான்னு சொல்லு. அவ்வளவுதான். அவளுக்குப் புரியும்." பையன்கள் தலையாட்டிவிட்டு, தங்கள் அம்மாக்களிடம் திரும்பிக்கொள்வார்கள். கிழவிக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று கிளாடாவில் பேசிக்கொண்டார்கள்.

கோல்மனுக்கு 1927-இல் காசம் வந்தது. அந்த வருஷம் கிளாடாவில் பாதி வீடுகளில் அது இருந்தது. மண் தரை, ஈரச் சுவர், கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர். எவ்லீன் சந்தைக்குப் போகும் பகல் நேரங்களில் ஓனோரா அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். துணியில் ரத்தம் துப்புவான். அவள் துணியை அடுப்பில் போடுவாள்.

ஒருநாள் மத்தியானம், மூச்சு கொஞ்சம் சுலபமாக இருந்தபோது, "அத்தை, அவகிட்டேயிருந்து எப்பவாவது ஏதாவது வந்துச்சா?" என்றான்.

"இல்லை."

"யாரா இருக்கும்னு நினைச்சுப் பாப்பேன். அவ புருஷன். எந்த ஊர்க்காரனா இருப்பான்? நல்லவனா இருப்பானா?"

அவன் கண் அவள்மேலேயே இருந்தது. சொல்வதென்றால் அதுதான் நேரம். வெளியே எவ்லீனின் செருப்புச் சத்தம் கேட்டது; சீக்கிரம் விற்றுத் தீர்ந்துவிட்டது போல.

"நல்லவனாத்தான் இருப்பான்" என்றாள் ஓனோரா.

"அப்படித்தான் நானும் நினைச்சேன்" என்று கண்ணை மூடிக்கொண்டான். பதினோரு நாளில் போய்விட்டான்.

1934-இல் கிளாடாவை இடிக்க ஆரம்பித்தார்கள். கூரை வீடுகளில் நோய் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எல்லாம் போக வேண்டும், பின்னால் ஓட்டு வீடு கட்டித் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். எவ்லீனும் பிள்ளைகளும் பொருள்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஓனோரா கடைசி மூட்டைக்காகக் காத்திருந்தாள். எழுபது வயது. அப்போதுதான் தபால்காரர் வந்து, அமெரிக்கத் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றைக் கையில் கொடுத்தார்.

மிசஸ் லாலி செத்து வெகுநாளாகியிருந்தது. எவ்லீனின் மகளுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும், ஆனால் அவளிடம் கொடுக்க முடியாது. ஓனோரா உறையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பக்கத்து வீட்டுச் சுவரில் சுண்ணாம்பால் நம்பர் போட்டுக்கொண்டிருந்தான் ஒரு குமாஸ்தா. டப்ளினிலிருந்து வந்தவன், இங்கே யாரையும் தெரியாதவன்.

"தம்பி, இங்கிலீஷ் படிப்பியா?"

"படிப்பேன் பாட்டி. ஆனா என் ஐரிஷ் பள்ளிக்கூடத்து ஐரிஷ். தப்பு வந்தா சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டேன். மெதுவாவே சொல்லு. சொல்லிட்டு மறந்துடு."

அவன் தூரிகையைக் கீழே வைத்து, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, உறையைக் கிழித்தான். ஒரே தாள். ஒவ்வொரு வரியாகப் பார்த்து, வார்த்தை தேடித் தேடிச் சொன்னான்:

"அம்மாவுக்கு. நீ சொல்லியனுப்பியது எனக்குக் கிடைத்தது. ஒருவர் அல்ல, ஏழு பேர் வந்து சொன்னார்கள். முதல் பையன் வந்தது 1921-இல். அப்போதே பதில் எழுதியிருக்கலாம். எழுத வரவில்லை.

"படத்தில் கை மாறித் தெரியும் என்று எடுத்தவன் அன்றைக்கே சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா குழம்புவாள், குழம்பினால் எழுதிக் கேட்பாள் என்று நினைத்தேன். பிறகு டிக்கெட் திரும்பி வந்தது. கோல்மன் என் தங்கையைக் கட்டிக்கொண்டான் என்று கூடவே எழுதியிருந்தது. நீ ஏன் கேட்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் யோசித்தேன். கடையில் நாலு பேர் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"மோதிரத்தை அந்த வசந்தத்திலேயே விற்றுவிட்டேன். அது யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. எவ்லீனின் மூத்த பெண் கேட்டால் கடலில் விழுந்துவிட்டது என்று சொல்.

"நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கோல்மன் இறந்ததை ஏழாவது ஆள் சொன்னான். உனக்காக நான் பூசை வைக்கவும் இல்லை, உன்னைச் சபிக்கவும் இல்லை. இனிமேல் யாரிடமும் எதுவும் சொல்லியனுப்ப வேண்டாம். நான் இந்த ஊரை விட்டுப் போகிறேன்.

"இந்தக் கடிதத்தை எவ்லீனுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அவளுக்காவது அவன் இருந்தான் என்று இருக்கட்டும். டீலியா."